கிழவிக்கு எத்தனை பிடி

எங்களிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து திறந்தால் உயர்தரப் பொருளியல் குறிப்பு. முதல் பாடமே 'கிடைப்பருமை'. தேவைகளுக்கு எல்லை இல்லை, வளங்களுக்கு எல்லை உண்டு, ஆகவே தெரிவு செய்தே ஆகவேண்டும் என்று சேர் சொல்லச் சொல்ல எழுதியது. அடுத்த பக்கத்தில் 'அமையச் செலவு', சிவப்புப் பேனையால் இரண்டு கோடு. கொப்பியைக் கவிழ்த்துப் பின்பக்கத்திலிருந்து திறந்தால் அடிமட்டம் வைத்துக் கீறிய ஒரு அட்டவணை. இடப்பக்கம் பெயர்கள்: வெள்ளச்சி, சிவப்பி, கறுப்பி, நாம்பன், கிழவி. மேலே திகதிகள், 2022 ஆகஸ்டிலிருந்து. கட்டங்களுக்குள் இலக்கங்கள். கிழவியின் வரிசையில் முதல் மூன்று வாரமும் '1' என்று இருக்கிறது. அதுக்குப் பிறகு இலக்கம் இல்லை. 'மிச்சம்' என்று எழுதி, கடைசிக் கட்டம் வரைக்கும் ஒரு நீட்டுக் கோடு.

அந்தக் கோட்டைப் பற்றித்தான் எழுத வந்தோம்.

நாங்கள் என்றால் அக்காவும் தங்கச்சியும். ஒருத்தி இப்ப கலைப்பீடத்தில் இரண்டாம் வருஷம், மற்றவள் வீட்டில். இதைத் தட்டச்சு செய்வது ஒருத்திதான். ஆனால் அட்டவணை கீறியது இரண்டு பேரும். 'நான்' என்று எழுதிப் பார்த்தோம். யார் எழுதினாலும் மற்றவள் தப்பித்த மாதிரி இருந்தது. அதனால் 'நாங்கள்'.

ஊர் கப்பல்துறை. திருகோணமலை டவுனிலிருந்து கண்டி வீதியால் வந்தால் வரும். வெளியாட்களுக்கு ஆயுர்வேத ஆஸ்பத்திரி இருக்கிற இடம் என்றால்தான் தெரியும். காம்பஸில் ஊர்ப்பேரைச் சொன்னால், "அப்ப வீட்டு வாசல்ல கப்பல் நிக்குமோ?" என்று கேட்பார்கள். எங்கள் வாசலில் நிற்பது மாடு. கப்பல் வருவது அங்கால சீனக்குடாவுக்கு. அங்கே ப்ரீமா மாவாலைக்குக் கோதுமை ஏற்றிக்கொண்டு வரும். கோதுமை மாவாகி நாடு முழுக்கப் பாணாகவும் ரொட்டியாகவும் போகும், தவிடு மாட்டுத் தீவனமாகப் போகும். அப்படிப் பார்த்தால் எங்கட மாடுகளின் சாப்பாட்டிலும் கொஞ்சம் கப்பலில் வந்ததுதான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டின போது இந்தத் தொடர்பு எங்களுக்கு நல்லா விளங்கிச்சு. உலகமயமாக்கல் என்ற பாடத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் இன்னும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

எங்களுடையது பட்டி இல்லை. பட்டி என்றால் ஐம்பது, நூறு, சிலரிடம் அதுக்கும் மேலே. காட்டுக் கரையில் அடைத்து வைத்து, குறி சுட்டு, பகலில் மேயவிட்டு வளர்ப்பார்கள். எங்களிடம் இருந்தது ஐந்து உருப்படியும் ஒரு கண்டும், நாலு ஆடு, கொஞ்சக் கோழி. அப்பாவுக்கு மேசன் வேலை. சீமெந்து விலை ஏறின கையோடு கட்டுமானங்கள் எல்லாம் நின்றுபோக, பால்காசுதான் அந்த வருஷம் வீட்டுக்கு வந்த ஒரே ஒழுங்கான காசு. எங்கட டியூஷன் காசும் பஸ் காசும் வெள்ளச்சியின் மடியிலிருந்து வந்ததுதான், மிகையில்லை.

எங்கட பக்கத்தில் மாட்டுக்கு இரண்டு பஞ்ச காலம் உண்டு என்பது ஊருக்கு வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. ஒன்று எல்லாருக்கும் விளங்குகிற வறட்சி. மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை கச்சான் காத்து. புல் காய்ந்து, வேர் வெளியில் தெரிகிற தரையாகிவிடும். மற்றப் பஞ்சம் மழைக்குள் வருவது. எங்கும் பச்சையாக இருக்கும், ஆனால் அந்தப் பச்சை நெல். பெரும்போகம் விதைத்தால் தம்பலகாமம் வெளிப் பக்கம் மாடு தலை வைக்க முடியாது. அறுவடை முடிந்து வயலைத் திறந்துவிடும் வரைக்கும் மாட்டைக் கட்டி வைக்க வேண்டும், இல்லையென்றால் காட்டுப் பக்கம் சாய்க்க வேண்டும். காட்டுப் பக்கமும் இப்போது வேலி. மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் போராட்டம் தொடங்கினார்களே, அது இந்த இரண்டாவது பஞ்சத்தின் கதைதான். வந்தாறுமூலைக்குப் படிக்க வந்த எங்கட ஆட்கள் பலருக்கு அது 'நில உரிமைப் போராட்டம்' என்று மட்டும் தெரியும். மார்கழி மாசம் மாடு எங்கே நின்று எதைத் தின்னும் என்ற கேள்வி அதுக்குள்ளே இருக்கிறது.

முதல் பஞ்சத்தைத் தாண்டக் கைகொடுப்பது வைக்கல். 2022இல் அதுவும் வஞ்சித்தது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் அதுக்குள் பெரும்போகம் விதைத்தாயிற்று. அந்தப் போகம் நாடு முழுக்க நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்துபோனது. நெல் குறைந்ததைப் பேப்பரில் எழுதினார்கள். வைக்கல் குறைந்ததை யாரும் எழுதவில்லை. பயிர் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டால் வைக்கல் எங்கே இருந்து வரும்? போதாக்குறைக்கு இப்போது எல்லாம் வெட்டு மெஷின். முந்திச் சூடடித்த களத்தில் வைக்கல் போராகக் குவிந்து கிடக்கும். மெஷின் அதைத் துண்டு துண்டாக வயல் முழுக்கத் துப்பிவிட்டுப் போகும். அள்ள ஆள்கூலி கட்டாது, சிலர் கொளுத்திவிடுவார்கள். நாங்கள் மாமாவின் லாண்ட் மாஸ்டரில் மூன்று நடை போய், முதுகு பிளக்க வாரிக்கொண்டு வந்ததுதான் அந்த வருஷத்துச் சேமிப்பு.

அதைப் பங்கு போடுவது அம்மம்மாவின் வேலை. எங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவதான். 'பிடி' என்றால் அவ இரண்டு கையாலும் அணைத்து அள்ளுகிறது. ஒரு நாள் ஆசைக்கு நிறுத்துப் பார்த்தோம், ஒன்றரைக் கிலோ வந்தது. மாட்டுக் கொட்டிலில் ஒரு நாளைக்கு ஏழு பிடி. அதுக்கு மேலே எடுத்தால் மழை வரும் வரைக்கும் தாங்காது என்று அவ வைகாசியிலேயே கணக்குப் பார்த்துவிட்டா. எங்கட சைஸ் நாட்டு மாடு ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு கிலோ காய்ந்த தீன் வேண்டும். ஏழு பிடி பத்தரைக் கிலோ, அதாவது இரண்டு மாட்டுக்குத்தான் முழுசாகப் போதும். தின்ன நிற்பது ஐந்து. மிச்ச வயிறு, பகலில் ரோட்டோரம் பொறுக்குகிறதிலும் நாங்கள் வெட்டிப் போடுகிற குழையிலும் நிரம்ப வேண்டும்.

அவவின் ஒழுங்கு இப்படி: கறக்கிற வெள்ளச்சிக்கு இரண்டு. முதல் சினைப்பட்டிருந்த நாகு சிவப்பிக்கு இரண்டு. பால் மறந்து நின்ற கறுப்பிக்கு ஒன்று. நாம்பனுக்கு ஒன்று. கிழவிக்கு ஒன்று. தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் வெள்ளச்சிக்குத்தான், ஆனால் பின்னேரம் ஒரு சுண்டுத் தவிடு மட்டும் கழுநீரில் கரைத்துக் கிழவிக்குப் போகும். ஆட்டுக்கு வைக்கல் கிடையாது. அதுகளுக்கு வேலியில் நிற்கிற கிளிசிரிடியா, இப்பிலிப்பில், பூவரசங் குழை. ஆடு தலையை நிமிர்த்தித் தின்னும், மாடு குனிந்து தின்னும், ஆனபடியால் இரண்டும் சண்டை பிடிக்காது என்பா. இதுவும் ஒரு பங்கீடுதான். கோழிக்குக் குருணல். அந்த வருஷம் குருணலில் எங்களுக்கும் பங்கு வந்தது. அரிசி விலைக்குப் பயந்து இரவுக் கஞ்சிக்கு அதைத்தான் போட்டோம். கோழிகளை முற்றத்தில் கிளறித் தின்னச் சொல்லிவிட்டோம். கோழித்தீனுக்கும் மனிசச் சாப்பாட்டுக்கும் நடுவில் இருக்கிற கோடு ஒரு விலைதான் என்பதைக் கஞ்சிக் கோப்பையோடு விளங்கிக்கொண்டோம்.

பாலிலும் பங்கு உண்டு. நாலு காம்பில் மூன்றைக் கறந்து, ஒன்றைக் கண்டுக்கு விடுவா. அதில் பேச்சே இல்லை.

அம்மம்மா ஒழுங்கு வைத்திருந்தாவே தவிர இலக்கத்தில் பிடிவாதம் இல்லை. தினமும் காலையில் ஒவ்வொன்றையும் எழுப்பி நிறுத்தி இடப்பக்கம் பார்ப்பா. மாட்டுக்கு இடப்பக்கம்தான் பெருவயிறு. கடைசி விலாவுக்குப் பின்னால் ஒரு பள்ளை இருக்கும். ராத்திரி தின்றது போதவில்லை என்றால் அதில் குழி விழுந்திருக்கும். குழி பெரிசாக இருக்கிறதுக்கு அரைப் பிடி கூடும், இன்னொன்றுக்கு அரைப் பிடி குறையும். எங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தினமும் பார்த்தோம். பார்த்ததை அறிவு என்று நினைக்கவில்லை, கிழவிகளின் பழக்கம் என்று நினைத்தோம்.

ஆகஸ்டில் அம்மம்மா கிணற்றடியில் விழுந்து வலக்கை மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்டாயிற்று. பிடி அள்ள ஏலாது. "பிள்ளையள், இனி நீங்க பாருங்கோ" என்று பொறுப்பைத் தந்தா. முதல் மூன்று வாரம் அவ சொன்னபடியே போட்டோம். பிறகு கொப்பியைக் கவிழ்த்தோம்.

எங்கட தர்க்கம் இப்போதும் கொப்பியில் இருக்கிறது, கையெழுத்து கூட அழகாக இருக்கிறது. கிழவிக்கு வயது பதினாறோ பதினேழோ. அசல் பெயர் நெட்டக்கொம்பி. கடைசிக் கன்று ஈன்று நாலு வருஷம். பால் இல்லை, இனிக் கன்றும் இல்லை. அவளுக்குப் போகிற ஒரு பிடியின் அமையச் செலவு என்ன? வெள்ளச்சிக்கு மூன்றாவது பிடி. அந்த ஒரு சுண்டுத் தவிட்டின் அமையச் செலவு? பால். பரீட்சைக்கு நாலைந்து மாசம் இருந்தது. அந்த உயர்தரம் தள்ளிப் போய்ப் போய் 2023 ஜனவரி 23இல்தான் தொடங்கியது. எங்களில் ஒருத்தி அதுக்குப் படித்துக்கொண்டிருந்தாள், கரண்ட் இல்லாத நேரம் குப்பி விளக்கில், மண்ணெண்ணெயும் கியூவில் எடுத்து. ஒரு போத்தல் பால் கூடினால் என்னென்ன வாங்கலாம் என்று ஓரத்தில் குட்டி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ஒன்றும் ஆடம்பரம் இல்லை. போன வருஷ வினாத்தாள் தொகுப்பு, சவர்க்காரம், இப்படி.

கிழவியின் பிடியை வெள்ளச்சிக்கு மாற்றினோம். தவிட்டையும் மாற்றினோம். கிழவிக்கு மற்றதுகள் தின்று கழித்த மிச்சம், தண்டும் தூசியும்.

அரைப் போத்தல் கூடிச்சு. பெரிய விஞ்ஞானி மாதிரி இருந்தது எங்களுக்கு. வைக்கலால் பால் ஏறாது, அது வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். ஏற்றியது தவிடு என்று பிறகு படித்துத்தான் தெரிந்தது. வைக்கலில் புரதம் நூற்றுக்கு மூன்று நாலுதான். அதைக் கொஞ்சம் உருப்படியான தீனாக்க ஒரு வழி இருக்கிறது. யூரியாவைத் தண்ணீரில் கரைத்து வைக்கலில் தெளித்து, காற்றுப் போகாமல் மூடி ஒரு வாரம் பத்து நாள் வைத்தால் மாட்டுக்குச் செரிமானம் கூடும், புரதமும் ஏறும். நூறு கிலோ வைக்கலுக்கு நாலு கிலோ யூரியா. எண்பதுகளிலேயே இலங்கையில் செய்து காட்டின முறை. 2022இல் நாலு கிலோ யூரியா! நெல்லுக்கே இல்லாமல் மனிசர் அலைந்த காலம்.

அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும், "கொப்பியில கிழவியிட சாணத்த எங்க எழுதியிருக்கிறியள்?" என்று கேட்டா. நாங்கள் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை. பசளை இல்லாத அந்த வருஷம் சாணம் காசுக்கு விலைப்பட்டது. எங்கட மரக்கறிப் பாத்தியும் சாணத்தில்தான் நின்றது. தின்கிற மாடு எல்லாம் சாணம் போடும், கிழவியும்தான். அதை நாங்கள் வருமானப் பக்கத்தில் எழுதவே இல்லை. பால் தராத மாடு ஒன்றும் தராத மாடு என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தது? பொருளியல் சேர் அப்படிச் சொல்லவில்லை. நாங்களாகவே எடுத்துக்கொண்டது.

அவ கோபப்பட்டது ஒரே ஒரு தரம். ஒக்டோபரில் நாலாவது காம்பையும் கறந்தோம், இரண்டு நாள். மூன்றாம் நாள் கண்டு தாயை முட்டு முட்டு என்று முட்டுகிற சத்தத்தில் எழும்பி வந்தா. "வயித்துப் பிள்ளையிட சோத்தப் பறிச்சோ படிக்கப் போறியள்?" அன்றைக்கே நிறுத்தினோம்.

செப்டெம்பரில் நாம்பனை விற்றோம். மாமா ஒரு வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மம்மா, "எங்க போகுது?" என்று கேட்டா. "வண்டிலுக்கு அம்மா" என்றார் அந்த ஆள். இப்போது யார் வண்டில் கட்டுகிறார்கள்? அம்மம்மாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், நாம்பனைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அந்தக் காசில் புண்ணாக்கு வாங்கினோம். ஒரு மாடு மற்ற மாடுகளின் தீனாகிவிட்டது. அதையும் கொப்பியில் 'வரவு' என்றுதான் எழுதியிருக்கிறோம். அவன் போனதும் ஒரு பிடி மிஞ்சியது. அதைக் கிழவிக்குப் போட்டிருக்கலாம். மழை பிந்தினால் தேவைப்படும் என்று போரில் விட்டோம்.

கிழவியையும் விற்கலாம் என்று வியாபாரி கேட்டார்தான். அம்மம்மா விடவில்லை. 2020 செப்டெம்பரில் மாடு வெட்டுவதைத் தடை செய்கிற யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் சம்மதம் கொடுத்தது ஞாபகம் இருக்கலாம். முகநூலில் எங்கட ஆட்கள் பலர் கை தட்டினார்கள். நாங்களும் ஒரு லைக் போட்டிருப்போம். கிழட்டு மாட்டுக்கு யார், எதைத் தின்னக் கொடுப்பது என்று அன்றைக்கு நாங்கள் கேட்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்தக் கேள்வி எங்கட கொட்டிலில் எழும்பி நின்றபோது, விற்கவும் இல்லை, தின்னக் கொடுக்கவும் இல்லை. விற்காமல் இருந்த பெருமையும் எங்களுக்கு, மிச்சம் பிடித்த வைக்கலும் எங்களுக்கு.

மழை வந்தது. நவம்பரில் புல் முளைத்தது. கிழவியும் மேய்ந்தாள். தப்பிவிட்டாள் என்று நினைத்து அட்டவணையை அதோடு நிறுத்தினோம். ஆனால் மழைப் புல் பெரும்பாலும் தண்ணி. வயிறு நிரம்பும், மேலில் ஒட்டாது. மூன்று மாசமாகக் கரைந்த சதை மூன்று வாரப் புல்லில் திரும்பி வராது, அதுவும் அந்த வயதில். விலா எண்ணலாம் போல இருந்தாள்.

டிசம்பர் 8, 9. மன்டோஸ் சூறாவளி வங்காள விரிகுடாவில் நின்ற நாட்கள். அது 9ஆம் திகதி இரவு மாமல்லபுரம் பக்கம் கரை கடந்தது. எங்களுக்கு அதனால் வந்தது குளிர்க் காத்து. நாடு முழுக்கக் காற்று மாசடைந்திருக்கு என்று 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களையும் பூட்டிவிட்டார்கள். வன்னியிலும் கிழக்கிலும் அப்படி ஒரு குளிரை எங்கட வயதுக்கு நாங்கள் கண்டதில்லை. மழையில் ஊறி, அதன் மேல் காத்து அடித்து, மாடுகள் நின்ற இடத்தில் படுத்தன, படுத்த இடத்தில் செத்தன. வடக்கிலும் கிழக்கிலுமாக ஆயிரத்துக்கும் மேலே செத்ததாகக் கணக்கு வந்தது. ஏதும் தொற்று நோயோ என்று பயந்து அந்தப் பக்கத்து மாட்டையும் இறைச்சியையும் வெளியே கொண்டு போகவும் கொஞ்ச நாள் தடை போட்டார்கள். பிறகு நோய் இல்லை, குளிர் அதிர்ச்சிதான் என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

எங்கட கொட்டிலுக்குப் பாதிக் கூரைதான். வெள்ளச்சியும் சிவப்பியும் கண்டும் கூரைக்குக் கீழே. அதுவும் நாங்கள் போட்ட ஒழுங்குதான், பெறுமதி கூடியது உள்ளே. கறுப்பியும் கிழவியும் ஓரத்தில். இரவு சாக்கு கொண்டுபோய் மேலே போட்டோம். விடிய ஐந்து மணிக்குப் போனபோது கறுப்பி நின்றது. கிழவி படுத்திருந்தாள், கழுத்து நீட்டி. காதைத் தொட்டோம், மழைத்தண்ணி மாதிரி இருந்தது. அம்மம்மா இடக்கையால் வைக்கலைப் போட்டுத் தேய்த்துப் பார்த்தா. அம்மா கொத்தமல்லி அவித்துக்கொண்டு வந்தா. ஏழு மணி போல முடிந்துவிட்டது.

பக்கத்தில் வேறு வீட்டு மாடுகளைப் பார்க்க வந்த மிருக வைத்தியர் எங்களிடமும் வந்தார். தோலைத் தூக்கிப் பார்த்தார். "மேல்ல ஒண்டுமில்லையே பிள்ளையள், எப்பிடித் தாங்கும்" என்றார். குற்றம் சொல்லவில்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு வந்த களைப்பில் சொன்னது. வேறு வீடுகளில் நன்றாகத் தின்ற மாடுகளும் செத்தன என்பதையும் சொல்ல வேண்டும். கிழவிக்குத் தினம் ஒரு பிடி போட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நிரூபிக்க எங்களால் முடியாது. இல்லை என்று நிரூபிக்கவும் முடியாது.

ஒன்று மட்டும் பிறகு வாசித்தது. மாடு வைக்கல் மாதிரி நார்த்தீனைத் தின்றால் அது பெருவயிற்றுக்குள் நுண்ணுயிர்களால் புளித்து உடைகிறபோது சூடு வருகிறது. வெயில் காலத்தில் அந்தச் சூடு மாட்டுக்குத் தொல்லை. குளிரில் அதுதான் அடுப்பு. வயிறு நிறைய வைக்கல் இருக்கிற மாடு உள்ளுக்குள் நெருப்பு வைத்துக்கொண்டு படுக்கிற மாதிரி. அன்றைக்கு எங்களிடம் போரில் வைக்கல் இருந்தது! மழைக்குப் பிறகு மூன்று, நாலு நாளைக்குக் காணும் அளவுக்கு மிஞ்சிக் கிடந்தது, கீழே கொஞ்சம் பூஞ்சணம் பிடித்து. புல்தான் இருக்கே என்று எடுக்கவில்லை. இரவு சாக்கோடு போன நாங்கள் இரண்டு பிடி வைக்கலோடு போயிருக்கலாம்.

காம்பஸ் லைப்ரரியில் வேறு எதுக்கோ தேடுகிறபோது மகாராஷ்டிரத்தின் மாட்டு முகாம்களைப் பற்றி வாசித்தோம். 2019 வறட்சியில் பீட் மாவட்டம் மாதிரியான இடங்களில் அரசாங்கக் காசில் முகாம் போட்டு, மாட்டுக்குத் தீனும் தண்ணியும் கொடுத்தார்கள். மாட்டோடு மனிசரும் போய் மாசக்கணக்கில் அங்கேயே கூடாரத்தில் கிடந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஐந்து மாடுதான் என்று கட்டுப்பாடு இருந்தது. எட்டு மாடு இருக்கிற வீட்டில் எந்த ஐந்தைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள்? மிச்ச மூன்றை என்ன செய்திருப்பார்கள்? அந்தக் கட்டுரையில் அது இல்லை. எங்கட கொப்பி மாதிரி ஒன்று அங்கேயும் ஏதாவது வீட்டில் இருக்கக்கூடும். கொப்பி இல்லாமல் மனதுக்குள் கணக்குப் போட்டவர்கள்தான் கூட.

சிவப்பி தை மாசம் ஈன்றாள், நாகு கண்டு. பரீட்சை நல்லாப் போனது. அரைப் போத்தல் பால்காசில் வாங்கின வினாத்தாள் தொகுப்பிலிருந்து ஒரு கட்டுரைக் கேள்வி அப்படியே வந்தது, நம்புகிறவர்கள் நம்பலாம். முதல் வருஷ விரிவுரையில் 'பகுத்தறிவுள்ள நுகர்வோன்' என்று தொடங்கினபோது எங்களில் காம்பஸில் இருந்தவள் வெளியே எழும்பிப் போனாள் என்று எழுதினால் நாடகமாக இருக்கும். போகவில்லை. குறிப்பு எடுத்தாள்.

கிழவியைத் தென்னைக்குப் பக்கத்தில் தாட்டோம். அம்மம்மா எங்களோடு அதைப் பற்றிக் கதைத்தது மிகக் குறைவு. ஒரு தரம் கேட்டோம், "நீங்க ஏன் அப்ப எங்கள நிப்பாட்டல்ல?" "எனக்கும் பால்காசு தேவையாத்தான் இருந்தது" என்றா. அதுக்கு மேலே ஒன்றும் இல்லை.

இந்த ஆவணியில் கறுப்பிக்கும் பால் மறந்துவிட்டது. இனிச் சினைப்படுமா தெரியாது. போர் பாதிக்குக் கீழே போய்விட்டது. போன கிழமை வீட்டில் இருக்கிறவள் காம்பஸுக்குப் போன் எடுத்தாள், கறுப்பிக்கு எவ்வளவு போட என்று. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு போனை அம்மம்மாவிடம் கொடுக்கச் சொன்னோம். ஸ்பீக்கரில் போட்டாள்.

"எழுப்பி நிப்பாட்டிப் பாத்தியா?"

"பாத்தனான் அம்மம்மா."

"இடப்பக்கம்?"

"குழி விழுந்திருக்கு."

"அப்ப ரெண்டு போடு. வெள்ளச்சியிட்ட இருந்து ஒண்ட எடு, அவள் கத்துவாள், கத்தட்டும்."